உயிர், அறிவு, சாவு: சங்கப் பாடல்களில் இயற்கையை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சங்கப் பாடல் ஒன்றைக் கையில் எடுத்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது திணை எது என்று பார்ப்பதுதான். முல்லை என்றால் இருத்தல், நெய்தல் என்றால் இரங்கல், பாலை என்றால் பிரிதல். பள்ளியில் மனப்பாடம் செய்த பட்டியல் கைக்கு வந்துவிடுகிறது. பூவுக்கு ஒரு பொருள், பறவைக்கு ஒரு பொருள் என்று எழுதி முடித்துவிடுகிறோம். பாட்டு மட்டும் தொடப்படாமல் அப்படியே கிடக்கிறது.

இந்த வழிகாட்டி அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்காக எழுதப்பட்டது. பல ஆண்டுகளாக இந்தப் பாடல்களைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. மரமோ, ஆறோ, குருகு என்னும் நீர்ப்பறவையோ தானாக எதற்கும் குறியீடு ஆகிவிடுவதில்லை. அது அந்தப் பாட்டில் என்ன செய்கிறது என்பதிலிருந்துதான் பொருள் பிறக்கிறது. இன்னொன்றும் தெரிகிறது. உயிர், அறிவு, சாவு ஆகிய மூன்றையும் பழம்பாடல்கள் தனித்தனி அறைகளில் வைப்பதில்லை. நல்ல பாட்டில் மூன்றும் ஒரே காயில், ஒரே ஆற்றில், ஒரே குரங்கின் பாய்ச்சலில் முடிச்சாகக் கிடக்கும். அந்த முடிச்சைக் கண்டுபிடிக்கும் வழிதான் கீழே வருவது.

தேவையானவை அதிகமில்லை. நல்ல உரையுள்ள குறுந்தொகைப் பதிப்பு ஒன்று, புறநானூற்றுப் பதிப்பு ஒன்று, திருக்குறள், ஒரு நோட்டு. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இலும் குறுந்தொகையை 1937இலும் பதிப்பித்தார். குறுந்தொகைக்கு அவர் எழுதிய உரையில் பதவுரைக்குப் பிறகு வரும் விளக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். பாதி வேலை அங்கேயே நடந்திருக்கும்.

முதல் படி: பெயரை விடுங்கள், வினையைப் பிடியுங்கள்

பாட்டை வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள். பிறகு நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் பாட்டில் வரும் இயற்கைப் பொருள்களையும் வலப்பக்கம் அவை ஒவ்வொன்றும் செய்யும் செயலையும் எழுதுங்கள். பொருள் சொல்ல வேண்டாம். "குரங்கு காமத்தின் குறியீடு" என்பதுபோல எதையும் இப்போது எழுதக்கூடாது.

குறுந்தொகை 69ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். பாடியவர் கடுந்தோட் கரவீரனார்.

கருங்கண் தாக்கலை பெரும்பிறிது உற்றெனக்
கைம்மை உய்யாக் காமர் மந்தி
கல்லா வன்பறழ் கிளைமுதல் சேர்த்தி
ஓங்குவரை அடுக்கத்துப் பாய்ந்துயிர் செகுக்கும்
சாரல் நாட நடுநாள்
வாரல் வாழியோ வருந்துதும் யாமே

ஆண் குரங்கு இறந்துவிட்டது. கைம்மையைப் பொறுக்க முடியாத மந்தி உயர்ந்த மலையிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது. பலரும் இவ்வளவைத்தான் எழுதுவார்கள். வினைகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் நடுவில் ஒன்று மாட்டும்: சேர்த்தி. பாய்வதற்கு முன்னால் மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்தக் குட்டிக்குப் புலவர் கொடுத்த அடை "கல்லா". தன் தொழிலை இன்னும் கற்காத குட்டி. கிளை தாவவும் காய் பறிக்கவும் தெரியாத குட்டி.

இப்போது மூன்று வரிகளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாவு இருக்கிறது. அதற்குப் புலவர் வைத்த சொல் "பெரும்பிறிது", எல்லாவற்றிலிருந்தும் வேறான பெரிய ஒன்று. உயிர் இருக்கிறது, குட்டியாக. அறிவும் இருக்கிறது, "கல்லா" என்ற ஒரே அடையில், இல்லாத ஒன்றாக. தான் சாகப் போனாலும் குட்டி கற்க வேண்டியதைக் கற்க ஓர் இடம் வேண்டும் என்று மந்தி நினைத்ததுபோல் வரி அமைந்திருக்கிறது. "மந்தி அன்பின் குறியீடு" என்று எழுதியிருந்தால் இவ்வளவும் கைநழுவிப் போயிருக்கும்.

கணவன் இறந்தபின் மனைவி வாழக்கூடாது என்ற அக்கால நம்பிக்கை இந்தக் குரங்கின்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அதை ஒப்புக்கொண்டு படிக்கும்போதும் "சேர்த்தி" என்ற சொல் என்னைத் தடுத்து நிறுத்தத்தான் செய்கிறது.

இரண்டாம் படி: எந்த நிலம், எந்தப் பொழுது

தொல்காப்பியம் அகப்பாடலின் உறுப்புகளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவை. உரிப்பொருள் மனிதர் நெஞ்சில் நடப்பது. இந்த மூன்றையும் அறியாமல் இயற்கைக் குறியீட்டைத் தொட முடியாது. ஆனால் இதை அகராதியாகப் பயன்படுத்தினால் கெட்டுப்போகும். திணை ஒரு மேடை. அதில் நிற்கும் மரம் எந்த நிலையில் நிற்கிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

வாகை மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புறத்திணையில் வாகை வெற்றியின் பெயர். போர் வெற்றி மட்டுமல்ல, அவரவர் தத்தம் துறையில் மிகுந்து நிற்பதே வாகை என்று தொல்காப்பியம் விரிக்கிறது. முக்காலத்தையும் நெறியோடு அறிந்த அறிவனின் பக்கமும் இந்தத் திணையில்தான் வருகிறது. ஆகவே வாகைப்பூ அறிவுக்கும் உரிய பூ. அதே புறத்திணையியலில் காஞ்சி "நில்லா உலகம் புல்லிய நெறித்தே" என்று நிலையாமைக்கு உரியதாகிறது. அறிவுக்கு ஒரு மரம், நிலையாமைக்கு ஒரு மரம். பட்டியல் விரும்பிகளுக்கு இது போதும்.

இப்போது குறுந்தொகை 7ஆம் பாடலுக்கு வாருங்கள். காதலனும் காதலியும் ஊரைவிட்டுப் போகிறார்கள். வழியில் எதிர்ப்பட்டவர்கள் பார்க்கிறார்கள். அவன் காலில் கழல், அவள் அடியில் சிலம்பு. யாரோ இந்த நல்லவர்கள், பாவம் என்கிறார்கள். அந்தப் பாலை வழியில் "வாகை வெண்ணெற்று ஒலிக்கும்". காற்று மோத, காய்ந்து வெளுத்த வாகை நெற்றுகள் சலசலக்கின்றன. கயிற்றின்மேல் ஆடும் கூத்தரின் பறைபோல ஒலிக்கின்றன என்கிறார் புலவர்.

மரம் ஒன்றுதான். ஒரு மேடையில் அது தலையில் சூடும் பூ. இன்னொன்றில் உலர்ந்த நெற்று, உள்ளே விதை ஆடும் ஓசை. வெற்றியா இது? கயிற்றின்மேல் நடப்பவனின் நிலைதான் அந்த இருவருக்கும். ஆனால் நெற்றுக்குள் விதை இருக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள். இரண்டாம் படியில் நோட்டில் எழுத வேண்டிய கேள்வி இதுதான்: இந்தப் பொருள் தளிரா, பூவா, காயா, சருகா? இது கார்காலமா, வேனிலா? மாலையா, நள்ளிரவா? மந்திப் பாடலில் "நடுநாள்" என்ற சொல் வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். நடுநாள் என்றால் நள்ளிரவு. குறிஞ்சிக்கு உரிய யாமம்.

மூன்றாம் படி: யார் யாரிடம் பேசுகிறார்கள்

இது சுருக்கமான படி. ஆனால் இதைத் தவறவிட்டால் மற்றவை எல்லாம் வீண். அகப்பாடல்களில் புலவர் தன் குரலில் பேசுவதில்லை. தலைவி, தோழி, தலைவன், செவிலி, கண்டோர் என்று யாராவது ஒருவர் பேசுகிறார். இயற்கைக் காட்சி அவர் வாயிலிருந்து, இன்னொருவர் காதுக்காக வருகிறது.

மந்திப் பாடலைப் பேசுபவள் தோழி. கேட்பவன் இரவில் மலை ஏறி வரும் தலைவன். "வாரல்", இரவில் வராதே என்று மட்டும் சொல்கிறாள். உனக்கு ஏதாவது நேர்ந்தால் இவள் பிழைக்க மாட்டாள் என்று அவள் வாயால் சொல்லவில்லை. "உன் மலையில் ஒரு மந்தி இருக்கிறதே" என்கிறாள். சொல்ல வந்ததைக் கருப்பொருளுக்குள் புதைத்துச் சொல்லும் இந்த முறைக்கு உள்ளுறை என்று பெயர். உள்ளுறைக்குத் தெய்வத்தைப் பயன்படுத்தக்கூடாது, மற்றக் கருப்பொருள்களே நிலம் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. எனக்கு இந்த விதி மிகப் பிடிக்கும். சாவைப் பற்றிப் பேச மேலுலகத்தை இழுக்காதே, கண்முன் இருக்கும் குரங்கையும் மீனையும் வைத்துப் பேசு என்று சொல்வதுபோல் இருக்கிறது.

நான்காம் படி: உயிர் எதில் தொங்குகிறது என்று பாருங்கள்

உயிரைச் சங்கப் புலவர்கள் பெரும்பாலும் பசுமையாகக் காட்டுவதைவிட, எதையோ பற்றித் தொங்கும் ஒன்றாகக் காட்டுகிறார்கள். ஆகவே "உயிர் எது?" என்று கேட்காமல் "உயிர் எதில் தொங்குகிறது?" என்று கேளுங்கள்.

கபிலரின் குறுந்தொகை 18ஆம் பாடல் இதற்கு மிகத் தெளிவான சான்று. தலைவனின் மலையில் மூங்கிலை வேலியாகக் கொண்ட பலா மரங்கள். "வேர்க்கோட் பலவின்" என்கிறார். வேரிலேயே காய்த்த பலா, தரையில் கிடக்கிறது. விழ இடமில்லை. அடுத்த மூச்சில் தோழி சொல்வது:

சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்குஇவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே

சிறிய கொம்பில் பெரிய பழம் தொங்குகிறது. அவள் உயிர்தான் அந்தக் கொம்பு. பழம் முற்ற முற்ற எடை கூடும், கொம்பு கூடாது. இரண்டு பலாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் நாட்டுப் பழத்துக்கு வேலியும் தரையும் இருக்கின்றன. இவள் பழத்துக்கு ஒன்றும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது: "யார்அஃது அறிந்திசி னோரே". யாருக்கு அது தெரியும்? உயிர் பற்றிய பாட்டின் நட்டநடுவில் அறிவு பற்றிய கேள்வி. நோட்டில் இந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: அறிவு ஒளிந்திருக்கும் இடம்

மூன்றிலும் கண்டுபிடிக்கக் கடினமானது அறிவுதான். உயிரும் சாவும் கண்ணில் படும். அறிவு பெரும்பாலும் வினைச்சொல்லில் ஒளிந்திருக்கும். அறி, தேர், காண், தெளி, கல் என்ற ஐந்து வேர்களைப் பாட்டில் தேடிப் பழகுங்கள். எங்கே அவை வருகின்றனவோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி.

இறையனாரின் குறுந்தொகை 2ஆம் பாடலை எல்லோரும் திருவிளையாடல் கதைக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அந்தக் கதையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் வரி "கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி". கடைசி வரி "நறியவும் உளவோ நீஅறியும் பூவே". பாட்டு வாழ்க்கையில் தொடங்கி அறிவில் முடிகிறது. தும்பி என்ற வண்டின் வாழ்க்கைக்கு அடை "கொங்கு தேர்". பூந்தாதை ஆராய்ந்து தேர்வதே அதன் பிழைப்பு. அதற்கு வாழ்வதும் அறிவதும் ஒரே வேலை. அதனால்தான் தலைவன் அதனிடம் சாட்சி கேட்கிறான்: எனக்குப் பிடிக்கும் என்பதற்காகச் சொல்லாதே, கண்டதைச் சொல், "காமம் செப்பாது கண்டது மொழிமோ". அவன் கேட்பது காதலியின் கூந்தல் மணத்தைப் பற்றித்தான். ஆனால் அறிவுக்கு அவன் வைக்கும் அளவுகோல் எவ்வளவு கறாரானது!

தும்பி அறிந்த சாட்சி. அறியாத சாட்சி ஒன்றும் இருக்கிறது. கபிலரின் குறுந்தொகை 25.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னோடு கூடிய நாளில் வேறு யாரும் இல்லை. அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகு மட்டும் இருந்தது. இந்தப் பாட்டில் நின்று நிதானித்துப் பாருங்கள். குருகு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது பார்த்தது ஓடும் நீரில் ஆரல் மீனை. கண் திறந்திருந்தும் அவளுக்கு நேர்ந்ததை அது பார்க்கவில்லை. "குருகும்" என்பதில் உள்ள "உம்" அந்த நம்பிக்கையையும் நம்பிக்கைக் கேட்டையும் சேர்த்துத் தாங்குகிறது. குருகாவது இருந்ததே என்றும் கேட்கிறது, குருகுதானே இருந்தது என்றும் கேட்கிறது.

ஓடும் நீரை இன்னொரு முறை பாருங்கள். நீர் நிற்கவில்லை, அன்று கண்ட நீர் இன்று இல்லை. குருகின் கால் தினைத்தாள் போல இருக்கிறது. தினைப்புனம் காதலர் சந்திக்கும் இடம் என்பது குறிஞ்சியின் வழக்கம். ஆகவே அவள் அந்தக் காலைப் பார்த்தபோது அவளுக்குப் புனம் நினைவுக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். குருகு மீனுக்காகக் காத்திருப்பது மீனுக்குச் சாவு. அந்த அமைதியான நிற்பில் ஒரு கொலை காத்திருக்கிறது. அவள் வாழ்க்கைக்கும் அதே அமைதியில்தான் ஆபத்து.

அறிவுக்கு மூன்றாவது சான்றாகக் குறளைச் சேர்த்துக்கொள்கிறேன். "தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு" (396). "தோண்டத் தோண்ட ஊறும்" என்று மேடைதோறும் சொல்லப்பட்ட குறள். ஆனால் அது ஏன் மணற்கேணி, ஏன் பாறைக் கிணறு அல்ல என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மணலில் தோண்டியவருக்குத் தெரியும். கை எடுத்தால் ஓரம் சரியும், ஊறிய இடம் தூர்ந்துபோகும். முதலில் வரும் நீர் கலங்கலாக இருக்கும். இறைத்துவிட்டுக் காத்திருந்தால்தான் தெளியும். பாறைக் கிணற்றை ஒருமுறை வெட்டிவிட்டு இருந்துவிடலாம். மணற்கேணியை விட்டால் அது மறுபடியும் மணலாகிவிடும். "தொட்டனைத்து", "கற்றனைத்து" என்ற இரண்டு அளவுச் சொற்களும் அந்தப் பொறுப்பை நம்மீதே வைக்கின்றன. பொருளின் இயல்பை அறிந்தால் குறியீடு தானாகக் கூர்மை பெறும் என்பதற்கு இதைவிடச் சிறிய சான்று எனக்குத் தெரியாது.

ஆறாம் படி: சாவைச் சொல்லும் பொருள் உயிரோடு இருக்கிறதா?

சாவைத் தேடும்போது நாம் சருகையும் சுடுகாட்டையும் ஆந்தையையும் தேடுவோம். அவையும் உண்டுதான். ஆனால் பழம்பாடல்களின் ஆழமான சாவுக் குறியீடுகள் உயிருள்ள பொருள்கள். ஆகவே இந்தப் படியில் தலைகீழாகக் கேளுங்கள்: இந்தப் பாட்டில் சாவைச் சொல்லும் பொருள் உயிரோடு இருக்கிறதா?

புறநானூறு 242. குடவாயிற் கீரத்தனார் பாடியது. ஒல்லையூரில் சாத்தன் என்ற வீரன் இறந்துவிட்டான். இளைஞர்கள் பூச் சூடவில்லை, வளையணிந்த பெண்கள் கொய்யவில்லை, பாணன் சூடவில்லை, பாடினி அணியவில்லை. பிறகு முல்லையைப் பார்த்து ஒரு கேள்வி: "முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே". நீயும் பூத்தாயா?

பட்டியல்படி முல்லை இருத்தலின் பூ, காத்திருப்பின் பூ, கார்காலத்தின் பூ. இந்தப் பாட்டில் அது எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. தன் பருவத்தில் தன் வேலையைச் செய்தது, பூத்தது. அதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது. வாடிய முல்லையைக் காட்டியிருந்தால் நமக்கு ஓர் ஆறுதல் கிடைத்திருக்கும், இயற்கையும் நம்மோடு அழுகிறது என்று. கீரத்தனார் அந்த ஆறுதலைத் தரவில்லை. முல்லை கொடியில் மணத்துக்கொண்டிருக்கிறது. கொய்ய ஆள் இல்லை. சூடார், கொய்யார், சூடான், அணியாள் என்று நான்கு எதிர்மறை வினைகள். அவற்றுக்குப் பின் ஒரே ஓர் உடன்பாட்டு வினைமுற்று, பூத்தி. முதல் படியில் சொன்ன வினைப் பட்டியல் இங்கே எவ்வளவு உதவுகிறது என்று பாருங்கள்.

அடுத்து ஒரு குறள். இதில் ஒரு சொல்லின் பொருள் மாறினால் சாவின் பொருளே மாறிவிடுகிறது.

குடம்பை தனித்துஒழியப் புள்பறந் தற்றே
உடம்பொடு உயிரிடை நட்பு (338)

குடம்பை என்றால் கூடா, முட்டையா? இன்றைய உரைகள் பலவற்றில் கூடு. திருக்குறளின் பழைய உரையாசிரியர் பரிமேலழகர் முட்டை என்கிறார். கூடு என்பவர்களுக்கு அவர் சொல்லும் மறுப்பு இரண்டு. கூடு பறவையோடு சேர்ந்து தோன்றியதல்ல. பறவை திரும்பவும் கூட்டுக்குள் நுழையும். உடம்பு இந்த இரண்டுக்கும் ஒத்து வராது என்கிறார். ஒரு பறவையைக் கவனித்துப் பார்த்தவரின் வாதம் இது.

கூடு என்று கொண்டால் சாவு ஒரு குடிபெயர்வு. முட்டை என்று கொண்டால் அது ஒரு பிறப்பு. முட்டை ஓடு பறவையோடு சேர்ந்தே உருவானது, அதைக் காத்தது, அது முதிர்ந்ததும் உடைந்தது. ஓடு உடையாமல் பறவைக்குச் சிறகு விரியாது. எனக்குப் பரிமேலழகர் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் இரண்டு குறள் தள்ளி, 340இல், உடம்புக்குள் "துச்சில் இருந்த உயிர்" என்று ஒதுக்குக் குடியிருப்பின் படிமம் வருவதையும் நேர்மையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். கூடு என்பாருக்கு அது வலுவான துணை. இரண்டு வாசிப்பையும் நோட்டில் எதிரெதிரே எழுதி வையுங்கள். உடனே ஒன்றை அடித்துவிட அவசரம் வேண்டாம்.

ஏழாம் படி: முடிச்சைக் காணுங்கள்

இப்போது மூன்றும் ஒன்றாக வரும் பாடல்களுக்கு வருவோம்.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூறு 192ஆம் பாடலின் முதல் வரி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பாட்டின் உயிர் அதன் ஆற்றில் இருக்கிறது. சாதல் புதியதல்ல, வாழ்தல் இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை என்று சொல்லிவிட்டு, மின்னலோடு வானம் குளிர்ந்த துளியைப் பெய்ய, ஓயாமல் கல்லோடு மோதி ஒலிக்கும் பேராற்றைக் கொண்டுவருகிறார். அதில் "நீர்வழிப் படூஉம் புணைபோல ஆருயிர் முறைவழிப் படூஉம்". படூஉம் இரண்டு முறை வருகிறது. அளபெடையில் குரல் நீள்கிறது. வாய்விட்டுப் படித்தால் புணை மிதந்து போவது கேட்கும்.

உயிர் புணை, அதாவது தெப்பம். சாவு தனியாக ஓரிடத்தில் நிற்கவில்லை, அந்த நீரோட்டத்திலேயே இருக்கிறது. அறிவு எங்கே? "திறவோர் காட்சியின் தெளிந்தனம்". காட்சி, தெளிதல். நாம் தேடச் சொன்ன ஐந்து வேர்களில் இரண்டு. தெளிதல் நீருக்கும் உரிய சொல். கலங்கிய நீர் அடங்கினால் தெளியும். கல்லோடு மோதிப் பெருக்கெடுக்கும் ஆற்றைக் காட்டிவிட்டு, அறிவைச் சொல்லும்போது "தெளிந்தனம்" என்கிறார். ஆறு தெளியவில்லை, பார்ப்பவர் தெளிந்தார். அதன் பிறகுதான் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிட இல்லை என்ற முடிவு வருகிறது. முதல் வரியை மட்டும் சுவரில் எழுதி வைப்பவர்கள் இந்த ஆற்றைக் கடந்து வருவதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இரண்டாவது முடிச்சு ஒரு நெல்லிக்கனி. புறநானூறு 91. அதியமான் நெடுமான் அஞ்சி தனக்குக் கிடைத்த அரிய கனியை ஔவையாருக்குக் கொடுத்தான். ஔவை பாடினார். கதை தெரிந்ததுதான். பாட்டின் கடைசி வரிகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

சிறியிலை நெல்லித் தீங்கனி குறியாது
ஆதல் நின்னகத்து அடக்கிச்
சாதல் நீங்க எமக்குஈத் தனையே

ஆதல், சாதல். எதுகையாக அடுத்தடுத்த வரிகளின் தலையில் நிற்கின்றன. ஆதல் என்பது அந்தக் கனியால் விளையப்போகும் பயன். சாதல் அது நீக்கும் இழப்பு. இரண்டுக்கும் நடுவில் "நின்னகத்து அடக்கி". கனியின் பயன் அவனுக்குத் தெரியும், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருக்க மாட்டார் என்று நாம் ஊகிக்கலாம். இங்கே அறிவு மறைக்கப்பட்டது, தனக்கு வைத்துக்கொள்வதற்காக அல்ல, கொடுப்பதற்காக. வாழ்வும் சாவும் கனியில் இருந்தன. அறிவு அவன் நெஞ்சில் இருந்தது.

பாட்டின் முற்பகுதிக்குத் திரும்பிப் போங்கள். கனி கொடுத்த அந்தக் கை, பகைவர் களத்தில் விழ வாளேந்திய கை. ஔவை அவனை வாழ்த்தும்போது "நீலமணி மிடற்று ஒருவன் போல" நிலைபெறுக என்கிறார். நஞ்சை மிடற்றில் நிறுத்தி வாழ்பவன். ஒரு மிடறு சாவை அடக்கி வைத்திருக்கிறது, ஒரு நெஞ்சு வாழ்வின் செய்தியை அடக்கி வைத்திருக்கிறது. இரண்டும் பிறருக்காக. கனி இருந்த இடமோ பழைய பெருமலையின் பிளவில், ஏற அரிய உச்சியில். அவ்வளவு பெரிய மலையில் அவ்வளவு சிறிய இலை. "சிறியிலை" என்ற அடையைப் புலவர் சும்மா போடவில்லை. நெல்லியைக் கடித்தவர்களுக்கு அதன் புளிப்பும் துவர்ப்பும் தெரியும், பிறகு தண்ணீர் குடித்தால் நாவில் வரும் இனிப்பும் தெரியும். ஔவையின் பாட்டிலும் அந்த இனிப்பு பின்னால்தான் வருகிறது, எல்லாம் தெரிந்த பிறகு.

எட்டாம் படி: உங்கள் வாசிப்பை எழுதுங்கள்

ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம் போதும். "இது அதன் குறியீடு" என்ற வாக்கியத்தை ஒருமுறைகூட எழுதாமல் முடிக்கப் பாருங்கள். அதற்குப் பதிலாக "குருகு மீனைப் பார்க்கிறது, ஆகவே அவளைப் பார்க்கவில்லை" என்பதுபோலச் செயலிலிருந்து பொருளுக்குப் போகும் வாக்கியங்களை எழுதுங்கள். உரையாசிரியர் சொன்னதையும் நீங்கள் கண்டதையும் வேறு வேறு மையில் எழுதுங்கள், கலந்துவிட வேண்டாம். பாட்டில் இல்லாத பொருளைக் கொண்டுவந்து ஏற்றாதீர்கள். புணைக்குத் துடுப்பு இருந்ததா என்று பூங்குன்றனார் சொல்லவில்லை, நாமும் துடுப்புப் போடக்கூடாது.

பழகுவதற்கு ஒரு பாடல் தருகிறேன். புறநானூறு 112, பாரி மகளிர் பாடியது. ஐந்தே வரி. அந்த நிலா மாதத்தில் வெண்ணிலவின்கீழ் எங்கள் தந்தை இருந்தார், எங்கள் குன்றைப் பிறர் கொள்ளவில்லை. இந்த நிலா மாதத்தில் இந்த வெண்ணிலவின்கீழ் வேந்தர் குன்றைக் கொண்டார்கள், எங்களுக்குத் தந்தை இல்லை.

இதில் மரம் இல்லை, பூ இல்லை, பறவை இல்லை. நிலவு மட்டும் இருக்கிறது. அதுவும் எதுவும் செய்யவில்லை, காய்கிறது. "அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்", "இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்". இரண்டு வரிக்கும் அகரம், இகரம் என்ற சுட்டெழுத்துகளே வேறுபாடு. நோட்டில் நடுக்கோடு போட்டு, ஒரு பக்கம் "அ" என்றும் மறுபக்கம் "இ" என்றும் எழுதுங்கள். முதல் நிலவின்கீழ் அந்தப் பெண்கள் அறியாதது எது, இரண்டாவது நிலவின்கீழ் அறிந்தது எது என்பதிலிருந்து தொடங்குங்கள்.